மலைக்குப் போகிற பெட்டி

திருவண்ணாமலை ஜீப் ஸ்டேண்டில் பதினான்கு டிரைவர்கள் இருந்தார்கள். அவர்களில் பதின்மூன்று பேர் முட்டாள்கள் என்பது பதினான்காவது ஆளான ராஜமாணிக்கத்தின் முடிவு. அந்த முடிவை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும் நல்ல குணமும் அவருக்குக் கிடையாது. டீ கிளாஸைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில நசுக்கிட்டா வண்டி மலை ஏறிடுமா? நடுவழியில ஃபேன் பெல்ட் அறுந்தா எலுமிச்சம்பழத்தையா எடுத்து மாட்டுவான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் மற்றவர்களுக்கு ஜாஸ்தி எரிச்சல். பட்டாளத்தில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். வடக்கே பனிமலையில், பகலில் பாதி நேரம் இஞ்சினே உறைந்துபோகிற இடத்தில் ஓட்டியிருக்கிறார். எழுபத்திரண்டில் ஊருக்கு வந்து, ஏலத்தில் விட்ட பட்டாளத்து ஜீப் ஒன்றை எடுத்தார். அன்றிலிருந்து இந்தப் பதினோரு வருஷமாக ஜவ்வாது மலைக்கு வாடகை ஓட்டுகிறார். நில அளவைக்காரர்கள், தேன் வியாபாரிகள், புளி குத்தகைக்காரர்கள், அம்மை ஊசி போடுகிறவர்கள் என்று யார் யாரையோ மேலே ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு தடவைகூட வழியில் நின்று இன்னொருவனிடம் கை நீட்டியதில்லை.

வாடகைக்கு வருகிறவர்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் மலை பார்க்கப் போக வேண்டும் என்று வந்தார். முதுகில் மூட்டை. மூட்டைக்குள் பாம்புக்கடி மருந்து, திசை காட்டும் கருவி, பதினோரு அலகு வைத்த ஒற்றைக் கத்தி. வண்டி ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவர் கேட்டது குடிக்கத் தண்ணீர். அதை ராஜமாணிக்கம் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பதினோரு கத்தி இருக்குது, ஒரு டம்ளர் தண்ணி இல்ல. இவன் உலகத்த சுத்தி வந்தவனாம்."

அவருடைய பெருமை முழுவதும் ஒரு பெட்டியில் இருந்தது. பட்டாளத்துத் தோட்டாப் பெட்டி, பச்சை பெயிண்ட் அடித்தது, இரண்டு பக்கமும் பிடி வைத்தது. பின் சீட்டுக்கு அடியில் சொருகி, சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார். ஸ்பேனர், ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு எல்லாம் தனியாக ஒரு சாக்குப்பையில் இருக்கும். பெட்டியில் இருந்தது உதிரிச் சாமான் மட்டும்தான். அடித்தட்டில் கனமானவை: ஒரு ஆக்ஸில், வில்பட்டைக்கான போல்ட்டுகள், ரேடியேட்டர் ரப்பர் குழாய் இரண்டு. நடுத்தட்டில் ஃபேன் பெல்ட், பெட்ரோல் பம்புக்குள் போடும் சவ்வு. மேல்தட்டில் சின்னச் சாமான்கள்: இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார். எல்லாம் தனித்தனியாக எண்ணெய்த் துணியில் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருக்கும். எதிலும் எழுதி ஒட்டியிருக்காது. எழுதிவைத்தால் கண்டவனுக்கும் புரிந்துவிடும் அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டால் எது எது என்று அவருக்குத் தெரியும், அது போதும்.

அதில் இருந்தது எல்லாமே பழசு. அதுதான் அவருடைய சூட்சுமம். கடையில் புதுசாக வாங்குவதை நேராக வண்டியில் மாட்டிவிடுவார். அதுவரைக்கும் வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழசைக் கழற்றிச் சுத்தம் செய்து பெட்டியில் வைப்பார். புதுசு எப்போது காலை வாரும் என்று யாருக்கும் தெரியாது. ஓடிய பழசு ஓடும் என்று தெரியும். அட்டைப்பெட்டி பிரிக்காத சாமான்களை அடுக்கி வைத்துக்கொண்டு மலை ஏறுகிற மற்ற டிரைவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் இந்தக் காரணத்தை அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் இவனுங்களுக்குப் புரியவா போகிறது என்பது அவர் எண்ணம்.

ஸ்டேண்டில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் ஒரு வண்டி நின்றுபோனால், பின்னால் வருகிறவன் நிறுத்தித்தான் ஆக வேண்டும். கையில் இருக்கிற சாமானைக் கொடுக்க வேண்டும். வாங்கினவன் ஊர் திரும்பியதும் அதே சாமானை டீக்கடை மாடத்தில் வைத்துவிட வேண்டும். யாருடையது என்று கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். இந்த வழக்கத்தை மதிக்காத ஒரே ஆள் ராஜமாணிக்கம்.

"குடுத்துப் பழக்கனா எவனும் எடுத்துட்டு வரமாட்டான். சோம்பேறிக்குச் சோறு ஊட்டறதுக்கா நான் பெட்டி கட்டறேன்?"

மூன்று வருஷத்துக்கு முன்பு லாரி டிரைவர் வேணு பாதி மலையில் டியூப் வெடித்து நின்றபோது ஒட்டுப்போட ஒரு துண்டு ரப்பர் கேட்டான். ராஜமாணிக்கம் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. வேணு ஏழு மைல் நடந்தான். அடுத்த நாள் டீக்கடையில் அவனைப் பார்த்து, "காலு நல்லா இருக்குதா?" என்று வேறு கேட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், சந்திரகலா. டீச்சர் டிரெய்னிங் முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு நாலு வருஷம் காத்திருந்தாள். அந்த நாலு வருஷமும் தெருவில் இருக்கிறவர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். வீட்டில் தையல் மிஷின் சத்தத்தைவிட அப்பாவின் ஏளனச் சத்தம்தான் ஜாஸ்தி. அவள் சமைத்தால் உப்பு ஜாஸ்தி, பேசினால் வாய் ஜாஸ்தி, பேசாமல் இருந்தால் ஊமை. அம்மா ஜோதியம்மாள் இருபத்தைந்து வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் தபாலில் ஆர்டர் வந்தது. மலைப்பிள்ளைகளுக்கான அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இடைநிலை ஆசிரியை. ஊர் தொம்பரைக்காடு. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் பதினெட்டு கிலோமீட்டர், பஸ் போகாத மண்பாதை. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தலைமையாசிரியர் முன்னால் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர வேண்டும், தவறினால் ஆர்டர் ரத்து என்று கீழே டைப் அடித்திருந்தது. ஆபீஸில் எங்கேயோ பத்து நாள் தூங்கிவிட்டு வந்த கடிதம்.

"பத்து நாளா இத முட்டை மாதிரி அடகாத்துனு இருந்திருக்கானுங்க," என்றார் ராஜமாணிக்கம். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. ஸ்டேண்டில் எவன் வீட்டிலும் சர்க்கார் உத்தியோகம் கிடையாது. இனிமேல் அவனுங்களை இன்னும் ஒரு படி மேலே நின்று பார்க்கலாம்.

சந்திரகலா ஆர்டரை மூன்று தடவை படித்தாள். வேலை கிடைத்ததைவிட அந்த ஊர் அறுபது மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பதுதான் அவளுக்கு இனித்தது.

சனி, ஞாயிறு விடுமுறை. உடம்பு சரியாக இருக்கிறது என்று சர்க்கார் டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் ஒன்று வேண்டும். அது திங்கட்கிழமை காலையில்தான் கிடைக்கும். அதற்கென்ன, ராஜமாணிக்கம் ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

"பதினோரு மணிக்குக் கிளம்பனா மூணேமுக்காலுக்கு அங்க இருப்பே. ஓட்டறவன் நானு. எவனோ வேணு இல்ல."

ஆயுத பூஜை அன்றைக்கு அவருக்கு உள்ளூர் வாடகைதான். மலைக்கு இல்லாததால் பெட்டியையும் சாக்குப்பையையும் வீட்டில் இறக்கிவிட்டு, பெட்டிச் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, கழுவித் துடைத்த ஸ்பேனர்களும் ஜாக்கியும் பம்பும் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

"ஜாக்கிக்குப் பொட்டு வெச்சிட்டா தானா தூக்கிடுமா?" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். வெளியில் ஓரமாகப் பச்சைப் பெட்டி பூட்டியபடி இருந்தது. அதன் மூடியிலும் ஒரு பொட்டு. இதற்கு வேறயா என்று உதட்டைப் பிதுக்கினார். திறந்து பார்க்கவில்லை. பெட்டியைத் தொட இந்த வீட்டில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?

திங்கட்கிழமை டாக்டர் பத்தேமுக்காலுக்குக் கையெழுத்துப் போட்டார். பதினொன்று ஐந்துக்கு ஜீப் கிளம்பியது. பெட்டியை ராஜமாணிக்கமே தூக்கி வைத்துச் சங்கிலி மாட்டினார். எப்போதும் போலக் கனம். மகளின் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் பின்னால். ஜோதியம்மாள் எலுமிச்சம்பழம் வைக்க வந்தாள். அவர் பார்த்த பார்வையில் அதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

போளூர் தாண்டி, மலை ஏறும் அடிவாரத்தில் ஒரு ஜீப் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நசீர் அகமது. ஸ்டேண்டில் இருபது வருஷமாக இருக்கிற ஆள், மலைக் கடைகளுக்கு அரிசி மூட்டை ஏற்றுகிறவர். அவர் கையைக் காட்டினார். மகள் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ ராஜமாணிக்கம் வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை.

"பெல்ட் அறுந்துடுச்சு மாணிக்கம். உங்கிட்ட இருக்குமே. ஒண்ணு குடு, நாளைக்கு மாடத்துல வெச்சிடறேன்."

"இருக்குது. எனக்கு இருக்குது."

"தொம்பரைக்காட்டுக் கடைக்கு அரிசி. மூணு நாளா அங்க அரிசி இல்லையாம்."

"அது உனக்கு வீட்டுல கிளம்பும்போது தெரியாதா பாய்? இருபது வருஷமா மலை ஏறறே, ஒரு பெல்ட் எடுத்துட்டு வர தோணலயா? அரிசிய எண்ணி ஏத்தத் தெரியுது."

நசீர் அகமது முகம் சிவந்தது. ஜீப்பில் பெண்பிள்ளை இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் பானட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ப்பா, ஒண்ணு குடுத்துட்டு வாங்கப்பா," என்றாள் சந்திரகலா. "சாக்கத் தொறக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாதே."

"நீ டீச்சர் வேலைய பாரு."

வண்டி நகர்ந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் பெட்டியைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். போளூர் பத்து மைல். திரும்பிப் போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்தாலும் நேரம் மிச்சமிருந்திருக்கும். ஆனால் ஒரு பெல்ட்டை எடுத்து நசீர் அகமது கையில் கொடுப்பதைவிட ராஜமாணிக்கம் தன் கையை வெட்டிக் கொடுத்திருப்பார்.

மலை ஏறி முடிக்கும்வரை அவர் நசீரைப் பற்றித்தான் பேசினார். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் டீ குடிக்கும்போதும் அதேதான். அங்கிருந்து மண்பாதை. இரண்டு நாள் மழையில் சிவப்பு மண் குழைந்து கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கும்படி கியரை மாற்றினார். ஒரு ஓடையை இறங்கி ஏறினார். நன்றாகத்தான் ஓட்டினார், அதில் குறை சொல்ல முடியாது. ஏழு கிலோமீட்டர் போனதும் இஞ்சின் திக்கியது. படார் என்று சைலன்சரில் ஒரு வெடி. இன்னொரு வெடி. ஒரு மேட்டில் பாதி ஏறி நின்றுவிட்டது. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

ராஜமாணிக்கம் சிரித்தபடி இறங்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, சாவியைப் போட்டு, விரலால் பாயிண்டைத் தட்டிப் பார்த்தார். பாயிண்டில் நீலமாகப் பெரிய பொறி பறந்தது.

"கண்டன்சர் போயிடுச்சு. புதுசா மாட்டினது, போன மாசம்தான். நான் சொன்னேன்ல, புதுச நம்பக் கூடாதுன்னு."

"எங்கிட்ட எப்பப்பா சொன்னீங்க?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சந்தோஷமாக இருந்தார். மகளுக்கு முன்னால் இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்குமா?

"இப்ப பாரு. ஸ்டேண்டுல இருக்கறவன் எவனா இருந்தாலும் இந்நேரம் தலையில கை வெச்சினு குந்தியிருப்பான். எனக்கு அஞ்சு நிமிஷ வேல. பெட்டியில மூணு இருக்குது. மூணும் ஓடுனது."

சந்திரகலா கைகளைக் கோத்துக்கொண்டு ஜீப் ஓரமாக நின்றாள். மூன்று எண்ணெய்த் துணி முடிச்சுகள் அவள் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். "ப்பா," என்றாள். அதற்குள் அவர் சங்கிலியை அவிழ்த்து, பெட்டியை இழுத்து, பூட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டுவிட்டார். கண்ணை மூடினது மகளுக்குக் காட்டத்தான்.

கையில் பொரி தட்டுப்பட்டது.

கண்ணைத் திறந்தார். பெட்டியின் உட்புறம் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருந்தது. அடியில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பாடப் புத்தகங்கள், இரண்டு அடுக்கு. மூலையில் சாமி படம் ஒன்று. மேலே ஒரு பையில் பொரிகடலை, ஒரு டப்பாவில் முறுக்கு, காகிதப் பொட்டலம் ஒன்று. எப்போதோ ஒரு கடைக்காரன் காலண்டரோடு சும்மா கொடுத்த புது பிளக் ஒன்று, அட்டைப்பெட்டி பிரிக்காமல், பொட்டு வைத்து, நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. எண்ணெய்த் துணி ஒன்றுகூட இல்லை.

"எங்க?" என்றார். "எங்கடி எல்லாம்?"

"ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்ணேன்பா. ஊருக்குப் போறோமே, அப்பா பெட்டிய ஒரு தடவ நல்லா பண்ணிட்டுப் போலாம்னு." அவள் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாம் பழசா இருந்துச்சு. வெடிச்ச ரப்பரு, தேஞ்ச இரும்பு, அழுக்குத் துணி. வேணும்ங்கறது எதுன்னு பாத்துதான் எடுத்து வெச்சேன். புது பிளக்க வெச்சிருக்கேன் பாருங்க. டிரங்குல எடம் பத்தல, என் புஸ்தகத்தையும் இதுல வெச்சேன்."

"மத்தது?"

"பழைய இரும்புக்காரன் தெருவுல வந்தான்பா."

பொட்டலத்தை அவர் பிரித்தார். பேரீச்சம்பழம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, கறுத்துப்போய், கால் கிலோ இருக்கும். பதினோரு வருஷமாக ஓட்டிப் பார்த்து, கழற்றி, துடைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான்கள் அத்தனைக்கும் பழைய இரும்புக்காரன் தராசில் அவ்வளவுதான் மதிப்பு.

"அறிவு இருக்குதா உனக்கு? கேக்கறதுக்கு வாய் இல்ல?" மலை எதிரொலிக்கும்படி கத்தினார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

சந்திரகலா அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"பதிமூணு வயசுல கேட்டேன். இதெல்லாம் என்னாப்பான்னு. தட்டுமுட்டுச் சாமான், உனக்கு எதுக்குன்னீங்க. அப்புறம் பதினொண்ணாவது படிக்கும்போது கேட்டேன். உன் மூளைக்கு ஏறாது, போய் இட்லி ஊத்துன்னீங்க. நல்ல சாமான் எல்லாம் சாக்குப்பையில இருக்குது, இது தட்டுமுட்டுன்னுதான் நெனச்சேன். கேட்டிருந்தா இப்ப மட்டும் சொல்லியிருப்பீங்களா?"

அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார். வண்டியைப் பின்னால் உருட்டி கியரில் விட்டுப் பார்த்தார். கண்டன்சரைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் திரும்ப மாட்டினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு திக்கு, ஒரு வெடி. மணி மூன்றரை ஆயிற்று. தொம்பரைக்காடு இன்னும் பதினோரு கிலோமீட்டர். ஐந்து மணிக்கு மேல் ஒரு நொடி ஆனால் நாலு வருஷம் வீண், பிறகு அதே தையல் மிஷின், அதே வீடு, அதே குரல்.

சந்திரகலா ஆர்டரையும் சர்டிபிகேட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். புடவையைத் தூக்கிச் சொருகினாள்.

"எங்க போற?"

"நடக்கறேன்."

"பதினோரு கிலோமீட்டர் சேத்துல? ஐஞ்சு மணிக்குள்ள? கணக்கு தெரியுமாடி உனக்கு? நீ பாடம் நடத்தப் போறியா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினாள். கால் வழுக்கியது. கையை ஊன்றி எழுந்து மறுபடி நடந்தாள். ராஜமாணிக்கம் பின்னால் நாலு அடி போனார். வண்டியைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று திரும்பி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே வளைவில் இஞ்சின் சத்தம் கேட்டது. நசீர் அகமதுவின் ஜீப், அரிசி மூட்டைகளோடு, ஆவி விட்டுக்கொண்டு மெதுவாக ஏறி வந்தது. பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பழைய சைக்கிள் டியூபை முறுக்கிக் கட்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று மைலுக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, இறுக்கி, மறுபடி கிளம்பி வந்திருக்க வேண்டும். ராஜமாணிக்கம் ஏளனம் செய்வதற்கென்றே செய்த மாதிரி இருந்தது அந்தக் கட்டு. ஆனால் அது ஓடியது.

நசீர் நிறுத்தினார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். பொரியைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"கண்டன்சர்," என்றார் ராஜமாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கிட்ட இல்ல. இருந்தா குடுத்துட்டுப் போயிருப்பேன்." நசீர் அதை அழுத்தி எல்லாம் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் ராஜமாணிக்கத்துக்கு உறைத்தது. "பொண்ணு எங்க?"

ராஜமாணிக்கம் மேட்டைக் காட்டினார். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. கூட்டிட்டுப் போ பாய். அந்த வார்த்தை அவர் வாயில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் பழகாதது.

"ஐஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும்," என்று மட்டும் சொன்னார்.

நசீர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ராஜமாணிக்கம் தாங்கியிருப்பார். ராஜமாணிக்கம் மற்ற டிரைவர்களைப் பார்க்கிற பார்வைதான் அது. அதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க இப்போதுதான் வாய்த்தது.

"புஸ்தகத்த எடுத்துக் குடு," என்றார் நசீர். "டீச்சர் வெறுங்கையோட போனா நல்லா இருக்காது."

டிரங்குப் பெட்டியும் படுக்கையும் புத்தகங்களும் அரிசி மூட்டைமேல் ஏறின. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியது ராஜமாணிக்கம். மேட்டுக்கு அப்பால் வெகுதூரத்தில் நசீர் ஹாரன் அடிப்பதும், வண்டி நிற்பதும், மறுபடி கியர் மாற்றுகிற சத்தமும் கேட்டன. பிறகு இஞ்சின் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்துபோனது.

ராஜமாணிக்கம் பாதி காலியான பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்துப் படித்தார். அந்தப் பக்கம் முழுக்கச் சந்தை நிலவரம். மழை இரண்டு தூறல் போட்டுவிட்டு நின்றது. சைக்கிள் டியூப் அறுந்திருக்குமோ என்று நினைத்தார். நாலரைக்கு நினைத்தார், ஐந்துக்கு நினைத்தார். அந்த டியூபுக்காக அவர் வேண்டிக்கொண்ட மாதிரி எதற்காகவும் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொண்டதில்லை. பெட்டி மூலையில் இருந்த படத்தை நேராக நிமிர்த்தி வைத்தார்.

ஐந்தரைக்கு, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, மேலே இருந்து ஒரு லாரி இறங்கியது. புளி மூட்டை லாரி. ஓட்டி வந்தவன் வேணு. ஏழு மைல் நடந்த அதே வேணு. அவன் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தினான், இஞ்சினையும் அணைத்தான். இறங்கி வந்து, அழுக்குத் துணியில் சுற்றிய சின்ன முடிச்சு ஒன்றை நீட்டினான்.

"பாய் குடுக்கச் சொன்னாரு. என் வண்டியில கெடந்தது. பழசுதான், ஆனா ஓடுனது. மாடத்துல வெச்சிடுண்ணே."

ராஜமாணிக்கம் முடிச்சை வாங்கிக்கொண்டார். பிரிக்காமலே விரலால் தடவிப் பார்த்தார். கண்டன்சர்தான்.

"பொண்ணு?"

"நாலு அம்பத்தஞ்சுக்குக் கையெழுத்து ஆச்சு. ஹெட்மாஸ்டர் கதவப் பூட்டினு வெளிய வந்துட்டாராம். பாய்தான் போயி புடிச்சு நிறுத்தினாரு." வேணு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஸ்டேண்டில் இத்தனை வருஷமாக எல்லோரும் பேசி, யாரும் உள்ளே பார்க்காத பெட்டி. அவன் வாய் கோணியது. கேட்காமல் விட்டுவிட்டான். அவன் கேட்டிருக்கலாம். காலு நல்லா இருக்குதாண்ணே என்றுகூடக் கேட்டிருக்கலாம்.

"சாப்ட்டியா?" என்றார் ராஜமாணிக்கம். அவர் குரலா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "எடுத்துக்க."

பதினோரு வருஷத்தில் அந்தப் பெட்டியிலிருந்து அவராக எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்த முதல் சாமான் அதுதான். வேணு ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டான். மென்றான். முகம் சுளித்து, கொட்டையையும் கூடவே வந்த மண்ணையும் பாதை ஓரமாகத் துப்பினான்.

"இன்னாண்ணே இது, பழைய இரும்புக்கு வாங்குனதா?"

"ஆமா," என்றார் ராஜமாணிக்கம்.